குறையை மறைத்த புள்ளிகள்

காற்றில் ஈரம் ஏறினால் உப்பு கட்டிதட்டிவிடும். அதனால் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சாப்பாட்டு மேஜைகளில் உப்பைத் திறந்த சிறு கிண்ணங்களில்தான் வைத்தார்கள். பட்டை தீட்டிய கண்ணாடிக் கிண்ணம் வசதியானவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியானது.

அச்சு வந்ததும் நிலைமை மாறியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாண்ட்விச் ஊரில் 1825-ல் டெமிங் ஜார்வ்ஸ் தொடங்கிய ஆலை இதில் முன்னணியில் நின்றது. உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பியில் அள்ளி உலோக அச்சுக்குள் விடுவார்கள். தேவையான அளவு விழுந்ததும் கத்தரியால் வெட்டுவார்கள். நெம்புகோலை இழுத்தால் மேலிருந்து உலக்கை இறங்கி அழுத்தும், கிண்ணம் தயார். சூட்சுமம் அளவில்தான். குறைந்தால் விளிம்பு மூளியாகும். கூடினால் கிண்ணம் தடித்துவிடும்.

ஆனால் சூடான கண்ணாடி, குளிர்ந்த அச்சைத் தொட்டதும் பளபளப்பு இழந்து சுருங்கியது. கத்தரித் தழும்பும் விழுந்தது. அச்சு செதுக்குபவர்கள் வழி கண்டார்கள்: பின்னணி முழுக்கப் பொடிப் புள்ளிகள், நடுவே இலை, சுருள், இதயம். புள்ளிகளில் பட்ட ஒளி சிதற, குறைகள் கண்ணுக்குத் தப்பின. பின்னல் துணி போலிருந்ததால் 'லேஸ்' கண்ணாடி என்று பெயர்.

பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் 1824-25 அமெரிக்கப் பயணத்தின் நினைவாக, நீராவிப் படகு வடிவிலும் ஒரு கிண்ணம் வந்தது. அவர் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் அதில் இல்லை.

1888-ல் தொழிலாளர் தகராறில் சாண்ட்விச் ஆலை மூடப்பட்டது. கிண்ணங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. புள்ளிகளுக்கு அடியில் அந்தச் சுருக்கங்களும்தான்.