ஆட்டின் இரத்தம் கூறுவதும் கூறாததும்

கிடையில் ஓர் ஆடு இளைத்து, மந்தைக்குப் பின்தங்கி நடக்கக் கண்டால், மந்தை முழுவதற்கும் பூச்சி மருந்து புகட்டிவிடுவது நம் அங்கத்தினர் பலரின் வழக்கம். அதற்குமுன் ஆட்டின் இரத்தத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

செம்மறியாட்டின் நான்காம் இரைப்பையில் குடியேறும் புழு, நெசவாளர் மொழியில் சொல்வதானால், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய இரட்டை இழை போன்றது. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி லிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஆயிரம் புழுக்களெனில் 50 மில்லி லிட்டர். இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் உள்ள இரத்தமோ ஏறக்குறைய ஒன்றரை லிட்டரே!

புழு இரைப்பைச் சுவரைப் புண்படுத்துவதால் அங்கே அழற்சி உண்டாகிறது. அச்செய்தி இரத்தத்தின் வழியே ஈரலை எட்டியதும், ஈரல் சில புரதங்களை மிகுதியாகச் சுரக்கிறது. ஹாப்டோகுளோபின், சீரம் அமிலாய்டு ஏ ஆகியவை ஆடுகளில் முக்கியமானவை. நலமான ஆட்டில் ஹாப்டோகுளோபின் இருப்பதே அரிது. அழற்சி கண்டால் ஓரிரு நாட்களில் பன்மடங்காகும். மனிதருக்குப் பார்க்கும் சி-ரியாக்டிவ் புரதம் ஆட்டுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. மருத்துவமனையில் நமக்குச் செய்வதெல்லாம் ஆட்டுக்கும் பொருந்தும் என்று எண்ணலாகாது.

ஆயினும் இப்புரதங்கள் அழற்சி உண்டென்று சொல்லுமேயன்றி, எதனால் வந்தது என்று சொல்லா. குளம்பழுகலிலும், சொறியிலும், நுரையீரல் நோயிலும் இவை உயரும். மற்றொரு சிக்கலும் உண்டு. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளிப்படும் ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் பற்றிக்கொண்டு தானும் அழிந்துபோகும். ஆகவே உண்ணியால் பரவும் சில இரத்த நோய்களில் அதன் அளவு குறைந்திருப்பது நலத்தின் அடையாளம் ஆகாது.

இதனால் சிவப்பணுக்களின் அளவையும், புழுக்கையிலுள்ள புழு முட்டைகளின் எண்ணிக்கையையும் உடன் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். தென்னாப்பிரிக்க அறிஞர்கள் 1990-களில் வகுத்த ஃபமாச்சா முறையில், கீழிமையின் உட்புற நிறத்தை ஐந்து படிகள் கொண்ட வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்து தருகின்றனர். எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி புகட்டினால், மருந்துக்குச் சாகாத புழுக்களே எஞ்சிப் பெருகும். பிறகு எந்தப் புட்டியை வாங்கியும் பயனிராது. இந்த அட்டையும் இரத்தம் குடிக்கும் புழுவுக்கே பொருந்தும் என்பதை மறத்தலாகாது.

சோதனைக்குரிய புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல், ஆட்டின் ஆசனவாயிலிருந்தே எடுத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்கவும்.