பழைய இத்தாலிய மெஷினுக்கு என்ன விலை?

1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்ட அன்று, டல்லஸ் நகரத்துப் புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியில் ஒரு துப்பாக்கி அகப்பட்டது. கண்டெடுத்தவர்கள் பார்த்ததுமே ஜெர்மனியின் மவுசர் என்றார்கள். ஆனால் இரும்பில் பொறித்திருந்தது வேறு: இத்தாலியில் செய்தது, 6.5 காலிபர், 1940, எண் சி2766. இத்தாலிய ராணுவம் கழித்துவிட்ட கார்கானோ ரகம். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போனதில், தபாலில் துப்பாக்கி விற்ற சிகாகோ கடை ஒன்றின் பதிவு சிக்கியது. மேலே பூட்டிய தொலைநோக்கியும் சேர்த்து விலை 19 டாலர் 95 சென்ட்.

உருவத்தைப் பார்த்துப் பேர் சொன்னால் இப்படித்தான் ஆகும். திருப்பூரில் செகண்ட்ஹேண்ட் நிட்டிங் மெஷின் பார்க்கப் போகிறவர்களும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். வட்டமாக இருக்கிறது, மேலே நூல் கோன் மாட்டும் கிரீல், கீழே துணி சுற்றும் ரோல். பச்சை பெயின்ட் பளபளக்கிறது. "இத்தாலி மெஷின்ங்க, நல்ல கண்டிஷன்" என்று புரோக்கர் சொன்னதும் பேரம் தொடங்கிவிடுகிறது.

இத்தாலி என்பதில் பொய் இருக்காது. கார்கானோ துப்பாக்கி செய்த ஊர்களில் ஒன்று வட இத்தாலியின் பிரேஷா. அதை ஒட்டிய பள்ளத்தாக்கிலிருந்துதான் பெரெட்டா 1526-இலேயே வெனிஸ் ஆயுதசாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்களைக் கொடுத்தது. இரும்பைத் துல்லியமாகக் கடைந்து பழகிய அதே வட்டாரத்தில்தான் பின்னல் மெஷின்களும் பிறந்தன. சாந்தோனி கம்பெனி 1919-இல் அங்கே தொடங்கியது. ஒரிசியோவும் பிரேஷாப் பக்கம்தான். திருப்பூருக்கும் இத்தாலி புதிதல்ல. 1978-இல் வெள்ளை டி-ஷர்ட் தேடி மும்பை வழியாக வந்த வெரோனா என்ற இத்தாலிய வியாபாரியிடமிருந்துதான் ஊரின் ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவார்கள்.

மெஷினின் உயிர் சிலிண்டர். வெளிச்சுற்றில் நெடுக்காகக் காடி வெட்டிய எஃகு உருளை அது. ஒவ்வொரு காடியிலும் ஒரு நீடில் ஏறி இறங்கும். நீடிலின் கொக்கியைத் திறந்து மூட ஒரு சின்ன நாக்கு. 1849-இல் இங்கிலாந்தின் மேத்யூ டவுன்செண்ட் காப்புரிமை பெற்ற யோசனை, இன்றைக்கும் அதேதான். சிலிண்டர் சுழலும்போது சுற்றிலும் நிற்கும் கேம்கள் நீடில்களின் அடிக்கட்டையைத் தள்ளி ஏற்றி இறக்கும். ஃபீடர் கொடுக்கும் நூலைக் கொக்கி கவ்வி, பழைய வளையத்தின் வழியே இழுத்துப் புது வளையம் போடும். சிங்கிள் ஜெர்சி என்றால் இவற்றோடு வளையத்தை அழுத்திப் பிடிக்கும் சிங்கர் தகடுகள் போதும். ரிப், இன்டர்லாக் ஓட்ட மேலே டயலும், அதில் இன்னொரு செட் நீடிலும் வேண்டும்.

டயா, கேஜ், ஃபீடர் மூன்றும் தெரிந்தால் மெஷினின் வருமானம் தெரிந்துவிடும். 30 டயா, 24 கேஜ் என்றால் 30 அங்குல விட்டத்துச் சிலிண்டரின் சுற்றளவில் அங்குலத்துக்கு 24 நீடில். மொத்தம் 2,260 அளவில் வரும். லூப் லென்த் 2.7 மில்லிமீட்டர் வைத்தால் ஒரு சுற்றுக்கு ஒரு ஃபீடர் சுமார் 6.1 மீட்டர் நூல் தின்னும். 90 ஃபீடர், நிமிடத்துக்கு 25 சுற்று, 30-ஆம் நம்பர் நூல் என்று போட்டால், எங்கும் நிற்காமல் ஓடுகிற கணக்கில் மணிக்கு 16 கிலோ துணி. அதே டயாவில் 72 ஃபீடர்தான் உள்ள பழைய மெஷினில் 13 கிலோ. கரண்ட், கூலி, இடவாடகை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஜாப் ஒர்க் ஓட்டுகிறவருக்கு அந்த மூன்று கிலோவில்தான் பிழைப்பு.

இனி அடையாளம். ஃபிரேமில் அடித்திருக்கும் தகட்டில் 'மட்ரிகோலா' என்றிருப்பது சீரியல் நம்பர், 'அன்னோ' என்றிருப்பது வருஷம். தகட்டை நம்பாதீர்கள், நாலு ரிவெட்டைக் கழற்றினால் வேறு தகடு உட்கார்ந்துவிடும். அடிவார்ப்பில் பொறித்த எண்ணும் தகட்டின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு சிலிண்டரின் விளிம்பைத் துடையுங்கள். டயா, கேஜ், நீடில் எண்ணிக்கை பெரும்பாலும் அங்கேயே பொறித்திருக்கும். போல்ட்டின் தலைக்கடியில் வேறு நிறம் தெரிந்தால், பெயின்ட் கப்பல் ஏறுவதற்கு முன்போ இறங்கிய பின்போ அடித்தது.

சிலிண்டரின் கேஜ் தகட்டோடு ஒத்துப்போகாவிட்டால் திடுக்கிட வேண்டியதில்லை. துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு எல்லாப் பாகத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒரு போல்ட் மாறியிருந்தாலும் விலை இறங்கும். இங்கே நேர் தலைகீழ். தேய்ந்த சிலிண்டரை எடுத்துவிட்டுப் புதுசு போட்ட மெஷினுக்கு விலை கூடத்தான் வேண்டும். பழையதை அப்படியே காப்பாற்றி வைத்திருப்பதில் இந்தத் தொழிலுக்கு ஒரு மரியாதையும் இல்லை.

தேய்மானத்தைக் கண்ணால் பார்ப்பதைவிடத் துணியைக் கேட்பது மேல். சாயமில்லாத நூலில் சிங்கிள் ஜெர்சி ஓட்டச் சொல்லி, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெடுக்காகக் கோடு விழுந்தால் அந்த இடத்து நீடிலை மாற்றச் சொல்லுங்கள். கோடு போய்விட்டால் செலவு ஒரு நீடில். புது நீடில் போட்டும் அதே இடத்தில் கோடு நின்றால், பெரும்பாலும் காடியின் சுவர் தேய்ந்து நீடில் ஆடுகிறது. குறுக்காகப் பட்டை விழுந்தால் வரிசைகளை எண்ண வேண்டும். 90 ஃபீடர் மெஷினில் தொண்ணூறு வரிசைக்கு ஒருமுறை அதே பட்டை திரும்பினால், ஏதோ ஒரு ஃபீடரின் டென்ஷனோ கேமோ, அதில் ஓடும் கோனோதான் கோளாறு. அது ஃபிட்டர் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. நிறுத்திய மெஷினில் சிலிண்டரைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கியர் கடகடவென்று ஆடினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பலரும் விட்டுவிடுவது நீடில் நம்பர். ஒவ்வொரு மாடலுக்கும் நீடிலின் நீளமும் அடிக்கட்டையின் இடமும் வேறு. ஒரு நீடில் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே முழு செட் 22,000 ரூபாய்க்கு மேல் போகும். அந்த நம்பர் ஊருக்குள் கடையில் கிடைத்தால் சரி. கிடைக்காத மாடல் என்றால் மெஷின் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் எனக்கு அது பாதி விலைதான். எலக்ட்ரானிக் ஜக்கார்ட், சீம்லெஸ் வகையில் இது இன்னும் கடுமை. எஃகு நாற்பது வருஷம் ஓடத் தயார், எலக்ட்ரானிக் போர்டு தயாரில்லை.

சுங்கத்துறைக்கு வேறு கணக்கு. இறக்குமதியாகும் பழைய மெஷினுக்கு சார்ட்டர்ட் இன்ஜினியரின் சான்று கேட்பார்கள். நெடுங்காலமாக வழக்கில் இருந்த தேய்மான விகிதம் இது: முதல் வருஷம் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் வருஷம் 3, மூன்றாம் வருஷம் இரண்டரை, அதன் பின் 2, அதிகபட்சம் 70. கூட்டிப் பார்த்தால் ஏழாம் வருஷ முடிவில் 70 வந்துவிடும். அதற்கப்புறம் காகிதத்தில் மெஷினுக்கு வயது ஏறுவதில்லை. எட்டு வருஷ மெஷினும் இருபத்தைந்து வருஷ மெஷினும் அங்கே ஒரே தட்டில் நிற்கும். அதனால் "கஸ்டம்ஸ் மதிப்பே இவ்வளவுங்க" என்று விற்கிறவர் பில்லை நீட்டினால், அதில் மெஷினின் நிலைமை பற்றி ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் விலை போடுவதானால் அடியிலிருந்து தொடங்குவேன். முதலில் பழைய இரும்பு விலைக்கு எடைக்கு எடை. சிலிண்டர் நன்றாக இருந்தால் அதன் மேல் ஒரு தொகை, ஃபீடர் எண்ணிக்கைக்கு ஒரு தொகை, நீடில் கடையில் கிடைத்தால் இன்னொன்று. ஏற்றி இறக்கி, ஃபிட்டரை வைத்து நிறுத்தி, முழு நீடில் செட் மாற்றும் செலவை அதிலிருந்து கழிப்பேன். ஒரு ஷிப்ட் முழுக்க ஓட்டிக் காட்ட மறுக்கிற மெஷினுக்கு முதல் வரியோடு சரி: கிலோ இவ்வளவு.