மதகடியில் தூண்டில் போடப் போகிறீர்களா?

ஐப்பசி மழை இறங்கிவிட்டது. சம்பா நடவு முடிந்த கையோடு, மாலை நேரத்தில் மதகடியிலும் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலும் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களை டெல்டாவில் எந்த ஊரிலும் பார்க்கலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். உழவியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் மூங்கில் கழியும் தக்கையும் என்னை விட்டுப் போகவில்லை. எனவே இந்த வாரம் உரம், களை பற்றி அல்ல, மீன் பற்றி.

இப்போது வாய்க்காலில் ஓடுவது கலங்கல் தண்ணீர். கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் விரால் இந்தத் தண்ணீரில் எளிதில் சிக்காது. மீசையால் தடவியே இரை தேடும் கெளுத்திக்குக் கலங்கல் ஒரு தடை இல்லை. மதகுக்குக் கீழே, சுழல் அடங்கும் ஓரத்தில், மண்புழுவைக் கோத்துத் தரையோடு கிடக்கும்படி போடுங்கள். பொழுது சாயும் நேரம் நல்லது. தண்ணீர் தெளியத் தொடங்கியதும் கெண்டைக்குக் கோதுமை மாவு உருண்டை போதும். ஜிலேபிக்குச் சோற்றுப் பருக்கையே போதும். 1952இல் நம் நாட்டுக்கு வந்த அந்த மீன் இன்று இல்லாத குளமே இல்லை.

குளம், குட்டையில் போடுகிறவர்கள் விடியற்காலையில் ஓடிப்போய் ஏமாறுவதைப் பார்க்கிறேன். தேங்கிய தண்ணீரில் பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகின்றன. இரவில் எல்லாமே அதை எடுத்துக்கொள்ள மட்டும் செய்கின்றன. ஆகவே விடியும் முன்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. வானம் நாள் முழுக்க மூடிக் கிடந்தால் மறுநாள் காலை இன்னும் மோசம். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்றால் அவை இரை தேடவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன. ஒன்பது மணிக்கு மேல், வெயில் சற்று ஏறிய பிறகு போங்கள்.

விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். பனையேறிக் கெண்டை என்ற பெயருக்குத் தரங்கம்பாடியில் ஒரு கதை உண்டு. 1791இல் அங்கிருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்துத் தண்ணீருக்கு மேல் ஐந்தடி உயரத்தில் பனை மரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதிவைத்தார். மரம் ஏறுமோ இல்லையோ, மழை நாளில் வரப்பைத் தாண்டிப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சிவப்பு வட்டம்

விராலுக்கு வருகிறேன். மழைக்காலம்தான் அது குஞ்சு பொரிக்கும் காலம். அல்லி, ஆகாயத்தாமரை ஓரங்களில் தண்ணீர் மேல் ஒரு தட்டு அளவுக்குச் செம்மஞ்சளாகக் கலங்கி, தூறல் விழுவதுபோல் சின்னச் சின்னச் சுழிப்புகள் தெரியும். அவை காற்றுக்கு மேலே வரும் ஆயிரக்கணக்கான விரால் குஞ்சுகள். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். பல வாரம் அந்தக் காவல் தொடரும். அப்போது அதற்குப் பசி இருக்கிறதோ இல்லையோ, குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது மாமா ஒருவர் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். தவளைக் குஞ்சைக் கோத்து வட்டத்தின் நடுவில் போட்டேன். மூன்றாவது தடவையில் ஒன்றரைக் கிலோ விரால். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் போனபோது வட்டம் இல்லை. கரையில் மடையான்கள் நின்றன, நீர்க்காகம் ஒன்று முங்கி எழுந்துகொண்டிருந்தது. ஒரு குழம்புக்காக எத்தனை விரால் போயிற்று என்று கணக்குப் போட அந்த வயதில் தெரியவில்லை.

இன்று விரால் கிலோ பல நூறு ரூபாய். செம்மஞ்சள் வட்டத்தைக் கண்டால் தூண்டிலை வேறு இடத்தில் போடுங்கள். புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறும் கெண்டையும் அப்படித்தான். பிடித்ததும் வயிற்றிலிருந்து முட்டை வழிந்தால் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் மட்டும் திரும்ப விடக் கூடாது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது. மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும்.

மருந்தும் மீனும்

'முன்பு மாதிரி கெண்டை இல்லையே சார்' என்று வயல்வெளியில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். காரணங்கள் பல. நம் கையில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஏக்கர் வயலில் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். 10 சத சைபர்மெத்ரின் 100 மில்லியில் 10 கிராம் மருந்து இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரில் விழுந்தாலும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஆகிறது. இந்த வகை மருந்துகள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே கெண்டை இனங்களைக் கொல்லும். பாலூட்டிகளுக்கு ஆபத்து குறைவு என்று விற்கப்படும் மருந்து, மீனுக்கு அப்படியல்ல.

நெல்லில் செயற்கை பைரித்ராய்டு மருந்துகளே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவை சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிரிகளைக் கொன்று, புகையானை முன்னைவிட அதிகமாகப் பெருகச் செய்கின்றன. எந்த மருந்து அடித்தாலும் முதலில் வடிமடையை அடையுங்கள். ஒரு வாரம் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போக வேண்டாம். மேகம் கறுத்திருக்கும் நாளில் அடிக்காதீர்கள். கைத்தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள். தண்ணீரில் நிலை தடுமாறிச் சுழலும் மீனைக் கண்டால், எவ்வளவு எளிதாகக் கைக்கு வந்தாலும், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வேண்டுமென்றே விஷம் கலந்தோ வெடி போட்டோ மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

கொள்ளிட முகத்துவாரம், பழையாறு பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல். வெள்ளம் முழு வேகத்தில் கடலுக்குப் பாயும்போது அங்கே தூண்டில் போட்டுப் பயனில்லை. வெள்ளம் தணிந்து, ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணீர் மீண்டும் உள்ளே வரத் தொடங்கிய பிறகே கொடுவா நன்றாகக் கடிக்கும். உயிர் இறாலோ மடவைக் குஞ்சோ கோத்துப் போடலாம். கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பின் பெண்ணாக மாறும் மீன். முட்டையிடுவது பெரியவைதான், சிறியதைப் பிடித்தால் அது அந்த நிலைக்கே வராது. உள்ளங்கை நீளக் கொடுவாவை விட்டுவிடுங்கள்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும் நாளில் முகத்துவாரப் பக்கமே போக வேண்டாம். மதகுச் சுவரும் பாசியில் வழுக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில், கொஞ்சம் மாவோடு, பத்து மணிக்குப் போய் உட்காருங்கள்.