வேரில் கண்ட முடிச்சு

2010ஆம் ஆண்டு முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பினோம். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள், ஒரு தறப்பாள் கொட்டில், பற்றை மூடிய அரை ஏக்கர் வளவு. அவ்வளவுதான். உதவியாகக் கிடைத்த கௌபி விதையை மாரி மழையோடு ஊன்றினேன். ஒரு மாதத்தில் பயிர் செழித்து நின்றது.

களை பிடுங்கும்போது ஒரு செடியும் சேர்ந்து வந்தது. அதன் வேரெல்லாம் சிறு முடிச்சுகள். முன்பு எங்கள் கத்தரித் தோட்டத்தை வட்டப்புழு அழித்தபோதும் வேர் இப்படித்தான் இருந்தது. நோய் பரவிவிடும் என்ற பயத்தில் ஆறு வரிசைகளைப் பிடுங்கிக் கொட்டினேன்.

மறுநாள் வந்த விவசாயப் போதனாசிரியை வாடிக்கிடந்த செடிகளைக் கண்டு திகைத்தார்.

"என்னக்கா, நல்ல பயிரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறீங்கள்?"

"வேரில வருத்தம், மிஸ்."

அவர் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினார். உள்ளே இளஞ்சிவப்பு. "இது வருத்தமில்லை அக்கா, உங்கட பசளைப் பை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று அவர் சொன்னதையும் பிறகு நான் படித்து அறிந்ததையும் உங்களுக்காக எழுதுகிறேன்.

காற்றில் 78 வீதம் நைதரசன் இருக்கிறது. பயிர் அதை நேரே எடுக்க முடியாது. வேர் முடிச்சுக்குள் வாழும் றைசோபியம் பற்றீரியா அதை அமோனியாவாக மாற்றிக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி அதற்குச் சீனிச்சத்தைக் கொடுக்கிறது. இந்தப் பற்றீரியாவை 1888இல் நெதர்லாந்து அறிஞர் பெயரிங்க் பிரித்தெடுத்தார். முடிச்சின் சிவப்பு, நம் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருளின் நிறம்.

அடையாள அட்டையைக் காட்டி எத்தனை வாசல்களைக் கடந்தோம்! வேரின் வாசலிலும் ஒரு சோதனை உண்டு. வேர் ஒரு பொருளைக் கசியவிட்டு அழைக்கும். பற்றீரியா தன் அடையாளப் பொருளைக் காட்டும். வேர்மயிரில் உள்ள லெக்ரின் என்ற புரதம், பற்றீரியாவின் மேலுள்ள சீனிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும். 1989இல் பட்டாணியின் லெக்ரின் மரபணுவைக் குளோவர் என்ற தீவனப் பயிரின் வேரில் சேர்த்தபோது, பட்டாணிக்குரிய பற்றீரியா அங்கும் முடிச்சுப் போட்டது. எனினும் லெக்ரின் மட்டுமே திறப்பு அல்ல. பற்றீரியா காட்டும் அடையாளமே முதன்மையானது.

ஆகவே எல்லாப் பயிருக்கும் ஒரே பற்றீரியா பொருந்தாது. கௌபி, பயறு, உழுந்து, கச்சான் ஆகியவை பெரும்பாலும் ஒரே கூட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும். சோயாவுக்கு வேறு தேவை. அதற்குரிய பற்றீரியாக் கலவை கிடைத்தால் நிழலில் வைத்து விதையில் பூசி, அன்றே விதையுங்கள்.

நோயையும் நன்மையையும் பிரித்தறிவது இலகு. நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தட்டக் கழன்றுவிடும். வட்டப்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், கழற்ற முடியாது. உள்ளே சிவந்திருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சுகள் குறையும். அறுவடையில் செடியைப் பிடுங்காமல் அடியில் வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள்.

லெக்ரின் விதைகளிலும் உண்டு. சிவப்புப் போஞ்சி விதையை அரைவேக்காட்டில் உண்டால் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இரவு ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, பின் மெதுவாகும் வரை அவியுங்கள். இளஞ்சூட்டில் வைத்தால் போதாது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. யூரியா இல்லாமல் என் நெல் மஞ்சளித்து நின்றது. பக்கத்துப் பாத்தியில் கௌபி பச்சையாகவே நின்றது. அந்தப் போகம் பிள்ளைகளின் பள்ளிச் செலவைத் தாங்கியது அதுதான்.

அன்று பிடுங்கிய ஆறு வரிசைகள் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. சகோதரிகளே, பிடுங்குமுன் ஒரு முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள்.