வரலாறு படிக்கப் போகும் பிள்ளை

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நெல்லியடிச் சந்தியில் சற்று நேரம் நின்றால் போதும். எந்தப் பிள்ளைக்கு மருத்துவபீடம், எந்தப் பிள்ளைக்குப் பொறியியற்பீடம் என்ற செய்தி பஸ் வருமுன்னரே வந்து சேர்ந்துவிடும். கலைப்பிரிவில் சித்தியடைந்த பிள்ளை, வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்கப் போகிறேன் என்றால், "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்ற கேள்வியே முதலில் எழும். கேள்வி நியாயமற்றதன்று. 2017ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் வடக்கிலும் கிழக்கிலும் மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். ஆயினும், அந்தப் படிப்பு யாது என்பதை அறிந்துதான் நாம் அக்கேள்வியைக் கேட்கின்றோமா?

நம்மில் பலருக்கு வரலாறு என்பது பாடசாலையில் மனனம் செய்த மன்னர் வரிசையும் ஆண்டுக் கணக்கும் மட்டுமே. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின் பின் அதுவும் சமூகக்கல்வி என்ற பாடத்துள் கரைந்து போயிற்று. பல ஆண்டுகள் கழித்தே தனிப் பாடமாக மீண்டது. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் வரலாறோ இதற்கு ஏறத்தாழ எதிரானது. இலங்கை, தென்னாசியா, ஐரோப்பா எனப் பாடங்கள் விரிந்தாலும், அவற்றின் ஊடே மாணவர் பழகுவது ஒன்றையே. ஒரு கூற்று எந்தச் சான்றின்மேல் நிற்கிறது, அந்தச் சான்றை ஆக்கியவர் யார், எப்போது, எவருக்காக ஆக்கினார் என்று கேட்பதே அது.

நெல்லியடிக்கு அண்மையிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பருத்தித்துறைக்கு அப்பாலுள்ள வல்லிபுரத்தில் 1936இல் ஒரு பொன்னேடு கிடைத்தது. பிராமி எழுத்தில், பிராகிருதச் சார்பான மொழியில் அமைந்த சில வரிகளே அதில் உள்ளன. வசப மன்னனின் காலத்தில் நகதிவ என்ற பகுதியை அமைச்சர் ஒருவர் ஆண்டபோது விகாரை ஒன்று அமைக்கப்பட்டது என்பது பேராசிரியர் பரணவிதான கொண்ட பொருள். தமிழ் அறிஞர்களுட் சிலர் அந்த வாசிப்பையும் மொழி பற்றிய முடிவையும் மறுத்து எழுதினர். மேடையில் ஏறுவோருக்கு இந்த ஏடு ஓர் ஆயுதம். ஒருவர் அதை வைத்து யாழ்ப்பாணம் முழுவதும் எமதே என்பார். மற்றவர் அப்படி ஒரு ஏடே இல்லாததுபோல் நடந்துகொள்வார். வரலாற்று மாணவருக்கு இவ்விரண்டும் ஆகாது. அவர் எழுத்துகளைத் தாமே வாசிக்க வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில் இங்கு பௌத்தராக இருந்தோர் இன்றைய பொருளில் எந்த இனத்தவர் என்று கேட்பது பொருத்தமான கேள்விதானா என்பதையும் அவர் சிந்திக்க வேண்டும்.

இந்த ஒழுக்கத்துக்கு நாம் காட்டக்கூடிய சிறந்த முன்மாதிரி பேராசிரியர் கா. இந்திரபாலா. இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றமும் பற்றி அவர் எழுதிய ஆய்வேட்டுக்கு 1965இல் இலண்டன் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பரவலான தமிழ்க் குடியேற்றங்கள் பத்தாம் நூற்றாண்டளவிலேயே தொடங்கின என்ற அதன் முடிவு தமிழர் பலருக்குக் கசந்தது. வேறு சிலருக்கு மிகவும் இனித்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் நிறுவப்பட்டபின் அங்கு வரலாற்றுத்துறையைக் கட்டியெழுப்பியவரும் அவரே. பின்னர் புதிய சான்றுகள் வந்தன. 1980இல் யாழ். பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழாய்வில், பெருங்கற்கால ஈமப் புதைகுழியில் எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது. 2005இல் வெளியிட்ட நூலில் இந்திரபாலா தமது பழைய முடிவைத் தாமே திருத்தினார். இத்தீவின் ஆதி மக்களிடையிலிருந்தே, மொழியும் பண்பாடும் பரவியதன் வழியாக, தமிழரும் சிங்களவரும் உருவாகினர் என்று அதில் வாதிட்டார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் தம் முடிவைத் தாமே மாற்றிக்கொள்ளும் துணிவு நம் அரசியல்வாதிகளிடம் காணக் கிடைப்பதில்லை.

தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாசிக்க வேண்டிய பாடம் இன்னொன்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிடும் கட்டுரையொன்றை அரச ஆசியக் கழகத்தில் சமர்ப்பித்தார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் விரிவான மறுப்பை வெளியிட்டார். இன்றும் இரு சமூகத்தவரும் தமக்கு வேண்டிய வரிகளை மட்டும் இவற்றிலிருந்து எடுத்து வீசிக்கொள்கின்றனர். வரலாற்று மாணவர் முதலில் பார்ப்பது ஆண்டை. சோனகருக்குச் சட்டசபையில் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த காலம் அது; 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். ஒரு நாற்காலியைப் பற்றிய வாதம் இனவியல் ஆய்வாக உடுத்திக்கொண்டு வந்தது என்பது அப்போது புலப்படும். இதை வகுப்பறையில் பொறுமையாகக் கற்றவர்கள் நம்மிடையே அதிகம் இருந்திருப்பின், பிற்காலத்துக் கசப்புகளுட் சிலவேனும் குறைந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

இவற்றுக்கெல்லாம் மொழி வேண்டும். காலியில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையிலுள்ள 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே நிறுத்திய அக்கல்லில், சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமியப் புனிதத்துக்கும் காணிக்கைகளைக் கூறுகிறது. ஒரு மொழி மட்டும் அறிந்தவர் மூன்றில் ஒரு பங்கையே வாசிப்பார். ஒல்லாந்தர் எழுதிய தோம்புகள் நம் காணிகளையும் குடும்பங்களையும் பற்றியவை. ஆயினும் அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. சிங்களத்தையும் பாளியையும் தமிழ் மாணவர் தவிர்ப்பது எந்த வகையிலும் இலாபமில்லை.

தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர் சேவை, நிர்வாகசேவைப் போட்டிப் பரீட்சை, தொல்லியல் திணைக்களம், சுவடிகள் திணைக்களம், ஊடகம், சுற்றுலா என வழிகள் உண்டு. எதுவும் உறுதியானதன்று. பட்டத்துடன் ஒரு மொழியும் கணினி அறிவும் சேர்ந்தால் வாய்ப்புக் கூடும். பட்டம் மட்டும் போதும் என்று நாம் பொய் சொல்லமாட்டோம்.

சிறப்புக்கலை மாணவர் இறுதி ஆண்டில் ஆய்வேடு ஒன்றை எழுத வேண்டும். நெல்லியடிப் பிள்ளைக்குப் பொருள் தேடித் தொலைதூரம் போகும் தேவை இல்லை. 1960களின் பிற்பகுதியில் கன்பொல்லையிலும் சுற்றுவட்டாரத்திலும் தேநீர்க்கடைகளுக்கும் ஆலயங்களுக்கும் உள்ளே செல்லும் உரிமை கேட்டுப் போராடியவர்களுட் சிலரேனும் இன்று முதுமையில் இருப்பர். நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இராணுவம் முகாமிட்டிருந்ததும், 1987 ஜூலை 5இல் விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய வாகனத்தால் அதைத் தாக்கியதும் ஊரறிந்தவை. ஆனால் இறந்தோர் தொகை பற்றி இரு தரப்பும் சொன்ன எண்கள் பொருந்தவில்லை. அயலிலிருந்த குடும்பங்கள் அவ்வாண்டை எவ்வாறு கழித்தன என்பது அந்த எண்களில் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் கடைகளையும் அயலுறவுகளையும் பற்றிய நினைவுகளும் இவ்வாறே எழுதப்படாமல் கிடக்கின்றன. அவற்றைச் சேகரிக்கும் மாணவருக்கு யாழ்ப்பாணச் சோனகத் தெரு மட்டும் போதாது. அங்கிருந்து போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பெருந்தொகையாக வாழும் புத்தளத்துக்கும் ஒலிப்பதிவுக் கருவியுடன் சிலமுறை போய்வர வேண்டியிருக்கும்.