குடும்பத்தோடு போய்க் குடிக்க நெல்லையில் ஒரு கடை... இருக்கிறதா?

பெங்களூருவில் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து, அங்கேயே தயாரித்த பீரை ருசிக்கும் பப்கள் உண்டு. நெல்லையில்? 2003 முதல் இங்கே மதுக்கடை என்றால் டாஸ்மாக்தான். குடும்பத்தோடு எட்டிப்பார்க்கிற இடமா அது!

ஆனால், குடும்பமே நின்று குடிக்கும் உள்ளூர் பானம் ஒன்று தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. பதநீர்! கோடையில் சாலையோரம் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கையும் போட்டு நீட்டுவார்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே ருசி.

பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் நொதித்துக் கள்ளாகிவிடும். வித்தியாசம் அந்தச் சுண்ணாம்பு மட்டும்தான். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால், அதை இறக்கினால் வழக்கு.

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குள் நுழைந்தால் சட்டமே வேறு. கேரளத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. ஆலப்புழைப் பக்கம் சில கடைகளில் குடும்பங்களுக்குத் தனி அறையே இருக்கிறது. கப்பக்கிழங்கும் மீன் கறியும் சாப்பிட மட்டுமே வருகிறவர்களும் உண்டு.

இங்கே பனையேறிக்குப் பதநீர்தான் கதி. வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். மிச்சத்தை விறகடுப்பில் மணிக்கணக்கில் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்க வேண்டும். சாயங்காலம் மறுபடியும் மரம் ஏற வேண்டும்.