எப்ப போவீங்க டீச்சர்?

அப்பாயியின் மலை – 7

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் பூண்டுலோயா பஸ்ஸுக்குக் காத்து நின்றதோடு சென்ற வாரம் முடித்திருந்தேன். பஸ் வந்தது, ஊரும் வந்தது. ஒரே கடைத்தெரு, சுற்றிலும் மலை, மலை முழுக்கத் தேயிலை. கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதில் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. புதிதாக இருந்தது என் பையிலிருந்த பாஸ்போர்ட் மட்டும்தான். இந்த மலையில் பிறந்த அப்பாயிக்கு இப்படித் திரும்பி வர வாய்க்கவே இல்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் அவளும் ஒருத்தி. தலைமன்னார் வரைக்கும் கோச்சி, ராமேஸ்வரம் வரைக்கும் கப்பல், மண்டபத்தில் முகாம், கடைசியில் மறுபடியும் தேயிலை. நான் எதிர்த்திசையில், ஒரு தொண்டு நிறுவனத்தின் கடிதத்தோடு, 2018-ஆம் ஆண்டுக்கு மட்டும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருந்தேன்.

வகுப்பு, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு, நாலு மணிக்குப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் நாள், “என்னிடம் ஏதாவது கேளுங்கள்” என்றேன். முன்வரிசையில் இருந்த பத்து வயதுப் பையன் எழுந்தான்.

“எப்ப போவீங்க டீச்சர்?”

வந்த அன்றைக்கே போகச் சொல்கிறானே என்று மனசு சுருங்கியது. சிரித்து மழுப்பிவிட்டு, “எல்லாரும் நோட்டை எடுங்க” என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஒரு சிறுமி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “கொப்பியா டீச்சர்?”

கொப்பி! அப்பாயி சாகும்வரை நோட்டைக் கொப்பி என்றும் பேனாவைப் பேனை என்றும்தான் சொல்வாள். ரயில் அவளுக்குக் கோச்சி, டீ, தேத்தண்ணி. பேரப்பிள்ளைகள் நாங்கள் அவளை ‘சிலோன் கிழவி’ என்று கேலி செய்வோம். இப்போது ஒரு மண்டபம் நிறைய அவளுடைய தமிழ் உட்கார்ந்திருந்தது. இங்கே பேச்சில் தடுமாறுகிற ஆள் நான்தான்.

எனக்கு வரவேற்பு நடந்தது பிறகொரு ஞாயிற்றுக்கிழமை. மாலை, சந்தனம், பால் ஊற்றிய தேத்தண்ணி எல்லாம் உண்டு. தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த ஒரு பெண். என்னைவிட இரண்டு வயது இளையவள். பகலில் பக்கத்துப் பள்ளியில் படிப்பிக்கிறாள் என்றார்கள். “நானும் தொண்டர் ஆசிரியராத்தான் இருந்தேன் அக்கா” என்றாள். நம்மைப் போல ஒருத்தி என்று மகிழ்ந்துபோனேன். அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இலங்கையில் தொண்டர் ஆசிரியர் என்றால் விமானம் ஏறி வருகிறவர் இல்லை. உயர்தரம் முடித்துவிட்டு, ஆள் பற்றாத பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் நின்று, என்றைக்காவது நியமனம் வரும் என்று காத்திருப்பவர். இவள் இரண்டு வருஷம் அப்படி நின்றிருக்கிறாள். 2015 வாக்கில் தோட்டப் பள்ளிகளுக்கு சுமார் 3,000 பேரை ‘ஆசிரிய உதவியாளர்’ என்று அரசாங்கம் எடுத்தபோது இவளுக்கும் கடிதம் வந்தது. கொடுப்பனவு முதலில் மாதம் 6,000 ரூபாய், பிறகு 10,000. பயிற்சியை முடித்தால்தான் முழு ஆசிரியர், முழுச் சம்பளம். அந்த நாளில் கொழுந்து எடுக்கும் அவளுடைய அம்மாவுக்கு, எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்து வந்தால், நாளுக்கு 730 ரூபாய். மாதம் இருபது நாள் பேர் விழுந்தால் மகளைவிட அம்மாவின் கையில் கூடவே காசு வரும். எனக்கு நிறுவனம் கொடுத்த கைச்செலவுப் பணமோ மகளுடைய கொடுப்பனவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மாலை மட்டும் என் கழுத்தில் விழுந்திருந்தது.

இந்தக் கணக்கு நேற்று தொடங்கியதில்லை. 1945-இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டுப் பிள்ளைகளைக் கைதூக்கிவிட்டபோதும், தோட்டப் பள்ளிகள் துரைமார் கையிலேயே இருந்தன. ஓர் அறை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. அரசு அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1970-களில்தான். எண்பதுகளில் சுவீடன் பணம் வந்தது, கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் திட்டம் முடிந்ததும் வந்தவர்கள் போவார்கள். பத்து வயதுப் பையன் கேட்ட கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வெளியாள் யாரைப் பார்த்தாலும் அந்த மலை கேட்கிற கேள்வி அது.

ஒரு மாதம் போனது. கெட்டிக்காரச் சிறுமி ஒருத்தி ஒரு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. வந்த அன்று, கல்வியின் அருமையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து மறுபடி காணோம். அன்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த தங்கச்சியும் மண்டபத்தில்தான் இருந்தாள், எதுவும் பேசவில்லை. அந்தி கறுக்கும் நேரத்தில் லயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலையில், அப்பா கொழும்பில் கடையில், பாட்டிக்கு உடம்பு முடியவில்லை. இரண்டு வயதுத் தம்பியை இவள்தான் பார்க்கிறாள். “தம்பியத் தூக்கிக்கிட்டு வா” என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் முதல் மண்டபத்துத் தூணடியில் ஒரு சேலைத்துண்டில் தம்பி தூங்கினான். அக்கா வாக்கியம் எழுதினாள்.

பூண்டுலோயாவுக்கு மேலே டன்சினன் தோட்டம். அதே பெயரில் ஸ்காட்லாந்தில் ஒரு மலை இருக்கிறது, ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வருகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஆங்கிலம் ஒட்டிக்கொள்ளும் என்று கதையை எடுத்தேன். பர்னாம் காடு டன்சினன் மலைக்கு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வியில்லை என்று சூனியக்காரிகள் கிளப்பிய ஆவி, மெக்பெத்துக்கு வாக்குக் கொடுக்கிறது. சிப்பாய்கள் மரக்கிளைகளை ஒடித்துப் பிடித்துக்கொண்டு வர, காடே நடந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஓரத்தில் நின்ற தங்கச்சி, “நம்ம டன்சினனுக்குக் காடு வந்துச்சா?” என்று கேட்டாள்.

“இல்ல டீச்சர், காட்ட வெட்டிட்டாங்க.”

“அப்ப நடந்து வந்தது யாரு?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு குரல்: “எங்க பாட்டன் பூட்டன்.”

மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து, பாதிவழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு, கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் மலையேறியவர்களின் கதையை அன்று அவள் சொன்னாள். நான் சொன்னது ஷேக்ஸ்பியரின் கதை. அவள் சொன்னது பிள்ளைகளின் கதை. அன்று எழுதிய ஆங்கில வாக்கியங்களில் மெக்பெத் ஒன்றில்கூட இல்லை, எல்லாவற்றிலும் பூட்டன் நடந்தான். பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை இந்த மக்களைப் பற்றி ஆங்கிலத்திலேயே கவிதை எழுதினார் என்று நான் சொன்னபோது, முதன்முறையாக அந்த மொழி அவர்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

அன்றிரவு என் வேலையை மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதைக் குறைத்தேன். வாரத்தில் மூன்று இரவு தங்கச்சியோடு உட்கார்ந்தேன். அவளுக்குப் பயிற்சிப் பாடங்களில் தடுக்கியது ஆங்கிலம்; எனக்குத் தெரிந்ததும் அதுதான். மண்டபத்தில் கரும்பலகைப் பக்கம் அவள், தூணடியில் தம்பிப் பக்கம் நான்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 12-ஆம் தேதி டன்சினனில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகளைத் திறந்து வைத்தார்கள். மகாத்மா காந்திபுரம் என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு பேர்ச் நிலம். லயத்துப் பத்தடி காம்பராவில் பிறந்தவர்களுக்கு அது பெரிய சங்கதி. மறுநாள் வகுப்பில் அதே பேச்சு. “வீடும் இந்தியா, டீச்சரும் இந்தியா” என்றாள் ஒருத்தி. முன்வரிசைப் பையன் விடவில்லை: “வீடு இருக்கும். டீச்சர் போயிருவாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தத் தடவை வலிக்கவில்லை.

ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் அதிபராக இருந்த இர. சிவலிங்கம், பிற்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து, என் அப்பாயியைப் போன்ற தாயகம் திரும்பியவர்களுக்காக உழைத்தார். அவரைப் போன்றவர்களிடம் பட்ட கடனைத் திருப்பித் தருவதாக நினைத்துக்கொண்டுதான் புறப்பட்டு வந்தேன். அவர் தம் வாழ்நாளின் மிச்சத்தைக் கொண்டுவந்தார், நான் கொண்டுவந்தது ஒரு வருஷம். ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கற்றுக்கொள்ளவே பாதி வருஷம் போய்விட்டது.

போகிற நாளில் விழா வேண்டாம் என்றேன். வருகைப் பதிவு இடாப்பைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினேன். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது மணி நாலேகால். மேலே மண்டபத்திலிருந்து, இருபத்தேழு குரல்கள் ஒன்றாக ஒரு வாக்கியத்தைப் படித்துக்கொண்டிருந்தன.

(தொடரும்)

அடுத்த வாரம்: அப்பாயி பிறந்த லயத்தைத் தேடி…